அத்தியாயம் 7: இடது கால் எட்டும் உயரம்

கண்டியில் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஏறும் வழியில், ஒரு முடக்கில், மேலிருந்து வந்த வானுக்கு இடம் விட்டு ஓரமாக நிறுத்தினேன். மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இடது காலை ஊன்றப் போனேன். அந்த இடத்தில் தார் உடைந்து கான் பக்கமாகச் சரிந்திருந்தது. கால் தரையைத் தேடிப்போன அந்த அரை நொடிக்குள் 140 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி என் பக்கம் சாய்ந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, கிளட்ச் லீவர் முறிவு, அதோடு போயிற்று. வீட்டு முற்றத்தில் அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கால்களின் நுனிவிரலும் தரையைத் தொடும். அதை நம்பித்தான் மூன்று மாதம் ஓட்டியிருந்தேன்.

என் உயரம் 152 சென்ரிமீற்றர், ஐந்தடிக்கு ஒரு மயிரிழை குறைவு. வண்டி அண்ணன் விட்டுப்போன பல்சர் 150. இந்த அத்தியாயத்தில் வரும் அளவுகள் பெரும்பாலும் அந்த வண்டியிலும் என் காலிலும் எடுத்தவை. உங்கள் வண்டியும் உங்கள் காலும் வேறாக இருக்கும். அளக்கும் முறை மாறாது.

கால் எட்டும் வண்டியாகப் பார்த்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் பலர் ஓட்டிப் பழகியது ஹொண்டா சாலியில். சின்னஞ்சிறு சில்லு, தாழ்ந்த சீற்; யார் ஏறினாலும் கால் பாதம் முழுக்கப் பதியும். பிறகு ஸ்கூட்டர்கள் வந்தன. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். அந்த ஐந்து ஆண்டில், கிடைத்த வண்டியை என்ன விலையானாலும் வாங்கியவர்களும், வீட்டில் நின்றதையே எடுத்து ஓட்டியவர்களும்தான் அதிகம். வண்டியைத் தெரிவு செய்யும் வசதி நமக்கு இருக்கவில்லை. அதனால் வண்டியைக் காலுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வேலையைச் சரியாகச் செய்த கராஜையும் பார்த்தேன், கெடுத்த கராஜையும் பார்த்தேன்.

அளவு எடுப்பது

வண்டி விளம்பரத்தில் ‘சீற் உயரம்’ என்று ஓர் எண் இருக்கும். பல்சர் 150க்கு 785 மில்லிமீற்றர். என்எஸ் 200க்கு 805, ஹொண்டா டியோவுக்கு 765, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200க்கு 825 அளவில். இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று விஷயங்கள் அதில் இல்லை.

முதலாவது அகலம். டியோவின் சீற் பல்சரைவிட 20 மில்லிமீற்றர் தாழ்வு. ஆனாலும் சிலருக்கு டியோவில் கால் எட்டுவது பெரிதாக இலகுவாவதில்லை, ஏனென்றால் சீற் அகலம். தொடை விரிந்த பிறகே கால் கீழே இறங்குகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். சுவரோடு ஒட்டி நின்று, கால்களைச் சேர்த்து வைத்து, கவட்டிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 70 சென்ரிமீற்றர். இப்போது ஒவ்வொரு பாதத்தையும் நடுவிலிருந்து 25 சென்ரிமீற்றர் விலக்கி நின்று மறுபடி அளந்தால் 65 அரைக்கு வந்துவிடும். 20 சென்ரிமீற்றர் மட்டும் விலக்கினால் 67. ஆகவே கால் ஒவ்வொன்றும் ஐந்து சென்ரிமீற்றர் உள்ளே வந்தால், சீற்றின் உயரத்தில் கை வைக்காமலே ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் கிடைக்கிறது. சீற் வேலையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. கீழே திரும்ப வருவேன்.

இரண்டாவது, நீங்கள் ஏறியதும் வண்டி எவ்வளவு அமர்கிறது என்பது. ஷொக் ஸ்பிரிங்கை கம்பனி கணக்கிடும்போது என்னைப்போல 48 கிலோ ஆளை நினைத்துக் கணக்கிடுவதில்லை. பின்னால் ஆளும் சாமானும் ஏறுவதையும் சேர்த்தே கணக்கு. உயரம் குறைந்தவர் பெரும்பாலும் எடையும் குறைந்தவர். உயரமான, பாரமான ஒருவர் ஏறினால் வண்டி நாலு சென்ரிமீற்றர் அமரும் இடத்தில் எனக்கு இரண்டுதான் அமர்கிறது. யாருக்குத் தாழ்வு வேண்டுமோ அவருக்கே வண்டி உயர்ந்து நிற்கிறது.

மூன்றாவதைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாது. அதுதான் நம் ஊர்த் தரை. மழைநீர் ஓட வேண்டும் என்பதற்காக வீதியின் நடுவைச் சற்று உயர்த்தி இரு பக்கமும் சரித்தே தார் போடுகிறார்கள். நாம் ஓட்டுவது இடப்பக்கம். எனவே சரிவு இடப்பக்கம் இறங்குகிறது. நிறுத்தும்போது ஊன்றுவதும் இடது கால்தான், வலது கால் பின் பிரேக்கில் இருக்க வேண்டுமே. நல்ல வீதியிலும்கூட, சில்லிலிருந்து ஒரு முழம் தள்ளி ஊன்றும் காலுக்குத் தரை ஒரு சென்ரிமீற்றர் அளவில் தாழ்ந்திருக்கும். தார் ஓரம் உடைந்த இடத்தில் நாலு, ஐந்து. இரண்டு நுனிவிரல் தொட்டால் போதும் என்று வீட்டு முற்றத்தில் முடிவெடுத்த எனக்கு ஹந்தானை முடக்கில் இல்லாமற்போனது அந்த நாலு சென்ரிமீற்றர்.

அதனால் அளவை இப்படி எடுங்கள். ஓட்டும்போது போடும் அதே சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டருகே, நீங்கள் தினமும் நிற்க வேண்டியிருக்கும் ஏதாவது ஒரு சரிவில், வண்டியை வீதியின் இடது ஓரத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஏறி உட்கார்ந்து, வலது காலைப் பிரேக்கில் வைத்து, இடது காலை இறக்குங்கள். இடுப்பை ஒரு கை அகலம் இடப்பக்கம் நகர்த்தலாம். ஓட்டும்போதும் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள். இப்போது குதிக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று இன்னொருவர் அளக்கட்டும். பாதத்தின் முன்பாதி அழுந்தப் பதிந்து, குதி ஒரு விரல் அளவு தூக்கி நின்றால் போதும். எனக்கு அன்று குதிக்கும் தரைக்கும் ஆறு சென்ரிமீற்றர். ஒரு விரல் அளவை விட்டுவிட்டால், நான் தேடவேண்டியிருந்தது ஏறத்தாழ நாலரை.

இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதற்காக வண்டியை அளவுக்கு மீறி இறக்கிக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏற்றத்தில் நின்றால் வலது கால் எப்படியும் தரைக்கு வரப் போவதில்லை. பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளும். முன் பிரேக்கை மட்டும் பிடித்து நின்றால், கிளம்பும்போது அதே வலது கை பிரேக்கையும் அக்சிலரேற்றரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழகாதவருக்கு அது முடியாத காரியம். எனவே உறுதியான ஒரு இடது கால் போதும். அதை மட்டும் தேடுங்கள்.

சப்பாத்து, ஷொக் வளையம்

காசு அதிகம் செலவாகாததும், பிடிக்காவிட்டால் திரும்பப் பழையபடி மாற்றக்கூடியதும் எதுவோ அதில் தொடங்க வேண்டும்.

சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் இன்னொரு றப்பர் சோல் ஒட்டித் தைத்தால் பத்து, பன்னிரண்டு மில்லிமீற்றர் கிடைக்கும். குதியை மட்டும் உயர்த்த வேண்டாம், முன்பாதத்தையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். தரையில் அழுந்துவது முன்பாதம். சோலில் ஆழமான கோடுகள் இருக்கட்டும். நனைந்த தாரும், பாசி பிடித்த கொங்கிறீற்றும், தேயிலைத் தோட்டத்து வழிகளில் மழைக்குப் பிறகு படியும் செம்மண்ணும் வழுவழுப்பான சோலை மன்னிக்காது. சோல் தடித்ததும் கியர் லீவருக்குக் கீழே கால் நுழையாது. லீவரை அதன் பல்லில் ஒரு பல் மேலே நகர்த்திப் பூட்டுங்கள். இதைச் செய்ய மறந்து, கியர் மாறாமல் ஏற்றத்தில் திணறியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பின் ஷொக். பல்சர், டிஸ்கவர், ஸ்பிளெண்டர் போன்ற இரட்டை ஷொக் வண்டிகளில் ஸ்பிரிங்கின் முனையில் படிகள் வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதைக் கொக்கி ஸ்பனரால் திருப்பி மிக மெதுவான படிக்குக் கொண்டுவந்தால், எடை குறைந்தவருக்கு வண்டி அரை சென்ரிமீற்றரோ, சில வண்டிகளில் அதற்குச் சற்றுக் கூடவோ அமரும். இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றும் நாளில் மறுபடி மேலே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் குழியிலேயே ஷொக் அடியில் முட்டும்.

சீற் வேலை

எந்தக் கராஜுக்குப் போனாலும் முதலில் சொல்வது, “ஷொக்கை இறக்கிடலாம்”. என் அனுபவத்தில் முதலில் போகவேண்டிய இடம் குஷன் வேலைக்காரரின் கடை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒருவர் ஓட்டோ சீற், வான் சீற் எல்லாம் தைக்கிறார். வண்டியோடு போய் நின்றேன்.

“எவ்வளவு இறக்கணும் டீச்சர்?”

“நாலரை சென்ரிமீற்றர் அண்ணே.”

“அவ்வளவும் மேல இருந்து வெட்டினா பலகையில உட்கார்ற மாதிரிதான் இருக்கும். ஏறிக் காட்டுங்க.”

ஏறி உட்கார்ந்தேன். அவர் உயரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, என் தொடை சீற்றின் ஓரத்தில் அழுந்தும் இடத்தைப் பார்த்தார். காதில் செருகியிருந்த சோக்கை எடுத்து அந்த இடத்தில் இரு பக்கமும் வளைவாக ஒரு கோடு போட்டார். “இங்கதான் உங்க காலைத் தள்ளுது,” என்றார்.

சீற்றைக் கழற்றி, அடித்தட்டில் இருந்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி, ரெக்சினை உரித்தார். உள்ளே மஞ்சள் ஸ்பஞ்ச், முன்பகுதியில் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். அரம்ப பிளேட்டை கையிலேயே பிடித்து, சோக் கோட்டின்படி இரு ஓரங்களையும் சரிவாகச் சீவினார். பிறகு கிறைண்டரில் மணல்தாள் சில்லைப் பூட்டி மெதுவாகத் தடவ, ஸ்பஞ்ச் மாவுபோலக் கொட்டியது. ஒரு தடவை, நிறுத்தி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது; மறு தடவை, மறுபடி உள்ளங்கை. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று அளவுநாடா பார்க்கவில்லை, கையையே நம்பினார். பிறகு நான் அளந்து பார்த்தேன், மூன்று மில்லிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. பக்கம் முடிந்த பிறகே மேற்புறத்தில் கை வைத்தார். உட்காரும் இடத்தில் இரண்டு சென்ரிமீற்றர், அதற்கு மேல் மறுத்துவிட்டார்.

அவர் மறுத்தது சரி. அடித்தட்டுக்கு மேலே குறைந்தது இரண்டு விரற்கட்டை அளவு ஸ்பஞ்ச் மிஞ்ச வேண்டும். மெல்லியதாகிவிட்டால், கண்டியிலிருந்து மாத்தளைவரை போவதற்குள் இடுப்பு எலும்பு பேசத் தொடங்கிவிடும். மெல்லியதாகத்தான் இருக்கப் போகிறது என்றால், மேலே அரை அங்குலத்துக்குக் கடினமான ஸ்பஞ்ச் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். மெதுவான ஸ்பஞ்ச் கடையில் சுகமாக இருக்கும்; ஒரு மணி நேரத்தில் அமுங்கித் தட்டில் உட்கார வைக்கும். கடினமானது கடையில் கல்லாகத் தெரியும், பிறகு தாங்கும்.

சீற் வேலையில் இங்கு அதிகம் நடக்கும் பிழை, முன்பகுதியை மட்டும் சீவிப் பள்ளமாக்குவது. கால் எட்டும், உண்மைதான். ஆனால் ஹுன்னஸ்கிரிய, உடுதும்பறை தாண்டி மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடல் வழுக்கி டாங்கியில் மோதும், இரண்டு மணிக்கட்டும் உடல் எடையைத் தாங்கித் தாங்கி மரத்துப்போகும். உட்காரும் இடம் மட்டமாகவோ, முன்பக்கம் நூலளவு உயர்ந்தோ இருக்க வேண்டும். அதற்காக வெட்டைச் சற்றுப் பின்வரை இழுத்துக் கொண்டுபோக வேண்டும். பின்னால் இருப்பவரின் இடம் தொடங்குமுன் ஒரு சின்னப் படி விழும். அந்தப் படி நல்லது, ஏற்றத்தில் பின்னால் சரியாமல் பிடிக்கும்.

மழையை நினைத்தே ரெக்சினைப் போடுங்கள். கண்டியில் மே தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. ஒக்ரோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியோடு கொட்டும். தையல் ஊசித்துளை வழியாக நீர் இறங்கி, ஸ்பஞ்ச் குடித்துவிட்டால் மூன்று நாளைக்குக் காயாது. வெயிலில் வைத்த பிறகும் உட்கார்ந்தால் உடுப்பு நனையும். உட்காரும் இடத்தில் தையல் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லுங்கள், தையலைப் பக்கவாட்டில் வைக்கலாம். ஸ்பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் தடித்த பொலித்தீன் ஒன்றை இழுத்துப் போர்த்தச் சொல்லுங்கள். அடியில் அடிக்கும் பின் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். சாரியோ சல்வாரோ அணிந்து ஓட்டுபவர் வழுக்காத, சொரசொரப்பான ரெக்சினைத் தெரிவு செய்வது நல்லது.

இன்னொன்று: உங்கள் சொந்தச் சீற்றை வெட்டாதீர்கள். பழைய உதிரிப்பாகக் கடையில் அதே வண்டியின் பழைய சீற் ஒன்றை வாங்கி அதில் வேலை பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அடித்தட்டு உடையாமல் இருந்தால் போதும். வண்டியை விற்கும் நாளில் நல்ல சீற் கையில் இருக்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். பக்கம் சீவியதில் ஒன்றரை, மேலே இரண்டு, சோலில் ஒன்று, ஷொக் வளையத்தில் அரை. மொத்தம் ஐந்து சென்ரிமீற்றர். தேவைப்பட்டதைவிட அரை கூட. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றி மாற்றாமல் கிடைத்தது இது. உங்களுக்குத் தேவை ஐந்துக்குள் என்றால் அடுத்த பகுதியை வாசிக்காமலே தாண்டலாம்.

ஷொக்கும் போர்க்கும்

ஐந்துக்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு, குறிப்பாக எக்ஸ்பல்ஸ் போன்ற உயரமான வண்டி வைத்திருப்பவர்களுக்கு, இந்தப் பகுதி.

நான் முதலில் போன கராஜில் செய்ததை யாரும் செய்யவேண்டாம். பின் ஷொக் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஸ்பிரிங் தாழ்ந்தது, ஆனால் கடினமாகிவிட்டது. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். தட்டையாகத் தேய்த்திருந்த முனை போய், வெட்டுமுனை இருக்கையில் சாய்வாக உட்கார்ந்து டக்டக்கென்று அடித்தது. இரண்டு ஷொக்கையும் புதிதாக வாங்கவேண்டி வந்தது. ஸ்பிரிங்கை வெட்டலாம், சூடாக்கி அமத்தலாம் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

செய்யக்கூடியது நீளம் குறைந்த ஷொக் வாங்கிப் போடுவது. இரட்டை ஷொக் வண்டியில் ஷொக்கின் நீளத்தை 10 மில்லிமீற்றர் குறைத்தால் பின்பக்கம் அந்த அளவிலோ சற்றுக் கூடுதலாகவோ இறங்கும். ஒற்றை ஷொக்கும் இணைப்புத் தகடுகளும் உள்ள வண்டியில் தகட்டின் துளைகளுக்கு இடையேயான தூரத்தில் சில மில்லிமீற்றர் மாற்றினாலே சீற் அதைப்போலப் பல மடங்கு இறங்கிவிடும். ஆகவே தகடு அளவு தப்பக்கூடாது. லேத்தில் கடைந்து எடுப்பதானால் மெல்லிய இரும்பில் வேண்டாம், கம்பனித் தகட்டின் தடிப்புக்குக் குறையக்கூடாது.

பின்பக்கம் இறக்கினால் முன்பக்கமும் அதேயளவு இறங்க வேண்டும். பின்னால் மட்டும் இறக்கிய வண்டியில் முன் சில்லு இலேசாகிவிடும். முடக்கில் ஹாண்டில் திருப்பினால் வண்டி சோம்பலாகத் திரும்பும், செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் மிதப்பதுபோல் இருக்கும். முன்னால் மட்டும் இறக்கினால் இறக்கத்தில் ஹாண்டில் துடிக்கும். முன்பக்கத்தை இறக்க, போர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாய்களை மேலே நகர்த்தி மறுபடி பூட்டுவார்கள். இரண்டு குழாயும் ஒரே அளவு. 10 மில்லிமீற்றரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு இரண்டு பேர் முன்பக்கத்தில் பாரம் கொடுத்து முழுதாக அமத்திப் பார்க்க வேண்டும்: சில்லு மட்காட்டிலோ எஞ்சின் பக்கமோ முட்டுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று.

இறக்கியபின் சங்கிலித் தொய்வை நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டும். ஹெட்லைற் வெளிச்சம் சுவரில் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள்; பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எஞ்சினுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பல்சர் 150இல் 165 மில்லிமீற்றர்தான். அதில் 30 குறைந்தால் தோட்டத்து வழிகளில் கற்கள் சைலன்சரைத் தேடிவரும்.

டயரை மாற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். 100/90-17 இருந்த இடத்தில் 100/80-17 போட்டால் டயரின் உயரம் 90 மில்லிமீற்றரிலிருந்து 80 ஆகிறது. வண்டி 10 மில்லிமீற்றர் இறங்கும். ஆனால் குழியில் விழும்போது றிம்மைக் காப்பாற்றுவது அந்த உயரம்தான். நான் மாற்றவில்லை.

சேசிஸை வெட்டி ஒட்டுவதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. செய்யக்கூடாது.

மலைவழிக்கென்றே தாழ்வாக வடித்த வண்டி ஒன்று உண்டு. யமஹா 1985இல் செரோ 225ஐக் கொண்டுவந்தது. கரடுமுரடான மலைப்பாதையில் இரண்டு சில்லோடு ஓட்டுநரின் இரண்டு காலும் சேர்ந்து தரையை உதைத்து ஏற வேண்டும் என்ற எண்ணத்தில் அமைத்தார்கள். சீற் உயரம் 810 மில்லிமீற்றர். எண் பெரிதாகத் தெரிந்தாலும் சீற் ஒடுக்கம், ஷொக் மெதுமை, வண்டி இலேசு. அகலமும் அமர்வும்தான் காலை எட்டவைக்கின்றன என்பதை ஒரு பெரிய கம்பனி நாற்பது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது.

சைட் ஸ்டாண்ட்

வண்டியை இறக்கியவர்கள் மறக்கும் பொருள் இது. ஷொக்கும் போர்க்கும் இறங்கிவிட்டன, ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருக்கிறது என்றால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும். ஒரு பஸ் பக்கத்தில் போன காற்றுக்கே வலப்பக்கம் விழலாம். ஸ்டாண்ட்டை நடுவில் வெட்டி, உள்ளே இரும்புத்தண்டு ஒன்றைச் செருகி ஒட்ட வேண்டும். அடிப்பாதத்தில் கை வைத்தால் அது தரையில் பதியும் கோணம் கெட்டுவிடும். ஒரே வெட்டில் அளவை எடுக்காமல், ஐந்து மில்லிமீற்றராகக் குறைத்து நிறுத்திப் பார்த்துப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். மெயின் ஸ்டாண்ட் போடுவதும் கடினமாகும், ஏனென்றால் இப்போது வண்டியை முன்பைவிட உயரமாகத் தூக்க வேண்டும். சீற்றை மட்டும் வெட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

சரிவில் நிற்பதும் திரும்புவதும்

கண்டி–கொழும்பு வீதியை எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த 1820களில் அமைத்தார்கள். மாட்டு வண்டி ஏறவேண்டிய வீதி. கடுகண்ணாவையில்கூட வளைந்து வளைந்து மெல்ல ஏறுவதற்கு அதுதான் காரணம். நம் ஊரில் பெரிய வீதிகளில் காலுக்குப் பெரிய சோதனை இல்லை. சோதனை அவற்றிலிருந்து பிரியும் ஒழுங்கைகளில். வீட்டுக்காகவும் தோட்டத்துக்காகவும் நேரே மலைமேல் வெட்டிய கொங்கிறீற் வழிகள் அவை.

அந்த வழிகளில் ஓரத்தை ஒட்டி நிற்காதீர்கள். கானிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, இடது கால் விழப்போகும் இடத்தை நிற்பதற்கு முன்பே கண்ணால் தெரிவு செய்துகொள்ளுங்கள். எதிரே வாகனம் வருகிறது என்றால் உடைந்த ஓரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்; தரை நன்றாக இருக்கும் இடத்தில் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். நான் அன்று செய்யாதது அது.

ஒழுங்கையில் திரும்ப வேண்டி வந்தால், ஏறும்போது திரும்புங்கள், இறங்கும்போது வேண்டாம். காரணம் இது: இடப்பக்கம் ஓட்டும் நாம் வலப்பக்கமாகத்தான் வட்டம் போடுகிறோம். ஏறிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் திருப்பினால், வண்டி வீதிக்குக் குறுக்கே நிற்கும் கணத்தில் மேட்டுப்பக்கம் உங்கள் இடது பக்கத்தில் இருக்கும். இடது கால் உயர்ந்த தரையில் இலகுவாகப் பதியும். இறங்கும்போது திருப்பினால் மேடு வலது பக்கத்துக்குப் போய்விடும், இடது கால் பள்ளத்தைத் தேடும். அப்படியான இடத்தில் இன்னும் கீழே போய் மட்டமான இடம் பார்த்துத் திரும்புங்கள். இல்லையென்றால் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, தள்ளித் திருப்புங்கள். தள்ளுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நிறுத்தி வைக்கும்போது முன்சில்லு மேட்டைப் பார்க்கட்டும், முதலாம் கியரில் விடுங்கள். மூக்கைப் பள்ளத்துக்குள் விட்டு நிறுத்தினால், வெளியே எடுக்கும்போது ஏற்றத்தில் பின்னால் இழுக்க வேண்டும். கால் எட்டாதவர் உட்கார்ந்தபடி அதைச் செய்யவே முடியாது. இடப்பக்கம் மேடாக இருக்கும்படி குறுக்கே நிறுத்தவும் வேண்டாம், ஸ்டாண்ட்டில் வண்டி நிமிர்ந்துவிடும். பெரஹரா நாட்களில் வாவிக்கரை வீதிகளில் இடம் கிடைக்காமல் கண்ட சரிவில் விட்டுப்போகும்போது இது நினைவிலிருக்கட்டும்.

ஏற்றத்தில் கிளம்புவது ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததுதான். வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில், கிளட்சை மெல்ல விட்டு வண்டி முன்னால் இழுக்கும் அந்தப் புள்ளி வந்ததும் பிரேக்கை விடுவது. லைசன்ஸ் பரீட்சையில் மட்டமான மைதானத்தில் எட்டுப் போட்டுத் தேறியவர்கள் இதைத் தனியாகப் பழக வேண்டும். 100 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏ1 போதாது, ஏ வகுப்பு வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீற் மாற்றியதும் நேரே நகருக்குள் போகவேண்டாம். குண்டசாலைப் பக்கம் மட்டமான, நடமாட்டம் குறைந்த வீதியொன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று நின்று ஓட்டுங்கள். ஐம்பது தடவையாவது இடது காலை ஊன்றி எடுங்கள். பழைய உயரத்துக்குப் பழகிய இடுப்பு இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். அது அடங்க ஒரு கிழமை பிடிக்கும். அதற்குப் பிறகு ராஜபிஹில்ல மாவத்தை போன்ற ஏற்றம். ஹந்தானை கடைசியில்.

ஒரு மாதம் கழித்து, முதல்நாள் அளவெடுத்த அதே சரிவில், அதே சப்பாத்தோடு குதியின் இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். புது ஸ்பஞ்ச் அமுங்கி இன்னும் சில மில்லிமீற்றர் இறங்கியிருக்கும், ரெக்சினும் தொய்ந்திருக்கும். கடைக்குக் கொண்டுபோய் இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள். சீற் கழன்றிருக்கும் அந்த நேரத்தில், அடித்தட்டின் உட்புறத்தில் அழியாத மையால் திகதியையும், எங்கே எவ்வளவு வெட்டியது, எவ்வளவு ஸ்பஞ்ச் மிச்சம் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை சீற்றைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.